ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாத்தணுமா? மொதல்ல உங்க ரோட்டைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த வாரம் கொஞ்சம் காஸ்ட்லியான டாபிக். "எங்கிட்ட ஒரு ஸ்கூட்டிதான் இருக்கு, எனக்கு எதுக்கு இது"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. இன்னிக்குப் பேசப்போற விஷயத்துல முக்கால்வாசி உங்க ஸ்கூட்டிக்கும் பொருந்தும். கடைசியில அதுக்குன்னே ஒரு பகுதி வெச்சிருக்கேன்.

கள்ளிக்குப்பத்துலேருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பேர் சொல்ல வேண்டாம்னுட்டார். காரணம், கார் என்ன விலைக்கு வாங்கினார்னு வீட்டுல இன்னும் தெரியாதாம்! செகண்ட் ஹேண்ட்ல ஒரு போர்ஷே 718 கேமன் வாங்கியிருக்கார். ரெண்டு சீட், இன்ஜின் நடுவுல, பின் சக்கரம் ஓடுற வண்டி. சனிக்கிழமை ராத்திரி ஆனா தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு, பட்டாபிராம் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டுல ஏறி மீஞ்சூர் வரைக்கும் ஒரு ரவுண்டு. மத்த நாள்ல அம்பத்தூர் – செங்குன்றம் ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் மேல பூனை மாதிரி ஏறி இறங்குற வாழ்க்கை.

இப்போ பின்னாடி ரெண்டு டயரும் முடிஞ்சுபோச்சு. முன்னாடி ரெண்டும் நல்லா இருக்கு. அவர் முன்னாடி மூணு ஆப்ஷன் இருக்கு.

ஒண்ணு: தெரிஞ்சவர் ஒருத்தர் இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ஓட்டுறதுக்காக வாங்கின செமி-ஸ்லிக் டயர். ரெண்டே தடவை ஓட்டியிருக்கார். சைஸ் அப்படியே பொருந்துது. விலை ரொம்பக் கம்மி.

ரெண்டு: ஒரு கடையில போர்ஷே அங்கீகாரம் பண்ண அதே மாடல், ஒரு தடவை கூட மாட்டாத டயர், பாதி விலை. ஆனா பழைய ஸ்டாக்.

மூணு: புத்தம் புது டயர், நல்ல பிராண்ட், அதே சைஸ். ஆனா போர்ஷேவோட அங்கீகார முத்திரை இல்ல.

போற போக்குல இன்னொண்ணும் சொன்னார்: "முத்திரை இருக்கிற புது டயர் ஆர்டர் போட்டா வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க ப்ரோ. மழை சீசனுக்குள்ள வண்டி எடுக்கணும். அதனால அதை விட்டுட்டேன்." அந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில அதுக்கு வரணும்.

ஒரு ஏ4 தாள்

மொதல்ல ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கார் ஏறக்குறைய 1,400 கிலோ. டயர்ல காத்து 30 பிஎஸ்ஐன்னு வெச்சுக்குவோம். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. 1,400ஐ 2.1ஆல வகுத்தா 667 சதுர சென்டிமீட்டர். நாலு டயரும் சேர்ந்து ரோட்டைத் தொடுற மொத்தப் பரப்பு, தோராயமா அவ்வளவுதான்.

ஒரு ஏ4 தாள் எவ்வளவு தெரியுமா? 624 சதுர சென்டிமீட்டர். பிரிண்டர்லேருந்து ஒரு பேப்பரை உருவி தரையில போடுங்க. அந்த வண்டியோட 300 குதிரைத்திறன், அவ்வளவு பெரிய பிரேக், எலக்ட்ரானிக் பாதுகாப்பு, எல்லாமே அந்த ஒரு பேப்பர் வழியாத்தான் ரோட்டுக்கு வந்தாகணும். ஏபிஎஸ் இருக்கு, டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கு, எதுக்குக் கவலைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதெல்லாம் இருக்கிற பிடிப்பை அளவா பங்கு போட்டுக் கொடுக்குற சாஃப்ட்வேர். இல்லாத பிடிப்பை அதால உண்டாக்க முடியாது.

சரி, அப்போ இருக்கிறதுலயே பெஸ்ட் டயரை வாங்கிடலாமேன்னு தோணும். அங்கதான் ஒரு சிக்கல். எந்த ரோட்டுக்கு பெஸ்ட்?

நரேன் கார்த்திகேயன் எடுத்த 5 பாயின்ட்

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் நம்ம கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் ஓட்டின ரேஸ்ல இருக்கு. 2005ல நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் டீமுக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர். அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ். நரேன் 4வது இடம், 5 பாயின்ட். அவரோட ஃபார்முலா ஒன் வாழ்க்கையில கிடைச்ச பாயின்ட் அது மட்டும்தான்.

அந்த ரேஸ்ல மொத்தம் எத்தனை வண்டி ஓடிச்சு தெரியுமா? ஆறு. இருபது வண்டி ஃபார்மேஷன் லேப் வந்துச்சு. அதுல பதினாலு வண்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணா பிட் லேனுக்குள்ள திரும்பிப் போயிடுச்சு. டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கத்தித் தீர்த்துச்சு. அந்தப் பதினாலும் மிஷலின் டயர் போட்ட வண்டிங்க. ஓடின ஆறும் பிரிட்ஜ்ஸ்டோன்.

என்ன ஆச்சுன்னா, ரெண்டு நாளைக்கு முன்னாடி பிராக்டீஸ்ல, 13வது வளைவுல ரால்ஃப் ஷூமாக்கரோட டொயோட்டா சுவத்துல மோதிச்சு. இடது பின் டயர் போயிடுச்சு. சாதாரண ஃபார்முலா ஒன் டிராக் மாதிரி இல்லாம, அந்த வளைவு ஓவல் டிராக்கோட ஒரு பகுதி. ஒரு பக்கம் சாய்ஞ்ச ரோடு, முழு வேகம். அவ்வளவு பாரமும் இடது பின் டயர் மேலயே விழும். அந்த வளைவுல வேகத்தைக் குறைக்க ஏற்பாடு பண்ணலன்னா எங்க டயருக்கு உத்தரவாதம் தர முடியாதுன்னு மிஷலின் சொல்லிடுச்சு. டிராக்கை மாத்த முடியாதுன்னு ஃபார்முலா ஒன் நிர்வாக அமைப்பு சொல்லிடுச்சு. பதினாலு பேர் ஒதுங்கிட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 2005 சீசன்ல மொத்தம் 19 ரேஸ். அதுல 18ஐ ஜெயிச்சது மிஷலின் டயர் போட்ட வண்டிங்க. பிரிட்ஜ்ஸ்டோன் ஜெயிச்ச ஒரே ரேஸ் இதுதான். அதாவது அந்த வருஷத்தோட சிறந்த டயர் எதுன்னு கேட்டா சந்தேகமே இல்லாம மிஷலின். ஆனா அந்த ஊர்ல, அந்த ஒரு வளைவுல, அது லாயக்கில்லாத டயர். சோதிச்சதெல்லாம் ஒரு மாதிரி ரோட்டுல, ஓட வேண்டியிருந்தது வேற மாதிரி ரோட்டுல.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. டெஸ்ட் சர்வர்ல சூப்பரா ஓடும், புரொடக்ஷன்ல படுத்துக்கும். கள்ளிக்குப்பம் நண்பருக்கு இருங்காட்டுக்கோட்டை டெஸ்ட் சர்வர். அவுட்டர் ரிங் ரோடு, ஐப்பசி மழை, ராத்திரி பத்து மணி, முன்னாடி போற லாரி தெளிக்கிற தண்ணி, இதுதான் புரொடக்ஷன். இப்போ மூணு ஆப்ஷனையும் அந்த ரோட்டுல வெச்சுப் பாப்போம்.

ஆப்ஷன் ஒண்ணு: செமி-ஸ்லிக்

அவரோட பின் டயர் அகலம் 265 மில்லிமீட்டர். மழையில ரோட்டு மேல 3 மில்லிமீட்டர் தண்ணி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. பெரிய வெள்ளமெல்லாம் வேண்டாம், சாதாரணமா ஒரு நல்ல மழை பெஞ்சா நிக்குற அளவு. வண்டி 90ல போகுது. 90 கிலோமீட்டர்னா நொடிக்கு 25 மீட்டர். அகலம் பெருக்கல் ஆழம் பெருக்கல் வேகம். நொடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர்.

20 லிட்டர்னா என்ன? நம்ம வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை வாங்குறோமே, அந்த வாட்டர் கேன். ஒரே ஒரு டயர், ஒவ்வொரு நொடியும், ஒரு முழு கேன் தண்ணியை ஒதுக்கித் தள்ளணும். அப்பத்தான் ரப்பர் தார் ரோட்டைத் தொடும். தள்ள முடியலன்னா டயர் தண்ணி மேல மிதக்கும். ஸ்டியரிங் திடீர்னு லேசாயிடும், பிரேக் அழுத்தினா ஒண்ணும் நடக்காது. இதுக்குப் பேர் அக்வாபிளேனிங்.

அந்தத் தண்ணி போறதுக்கு வழி டயர்ல இருக்கிற பள்ளங்கள், அதாவது த்ரெட். செமி-ஸ்லிக்ல அந்தப் பள்ளமே கம்மி, ஆழமும் கம்மி. காஞ்ச ரோட்டுல ரப்பர் அதிகமா தரையைத் தொடணும்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. டிராக்குல அது வரம். மழையில அதுவே வினை. டயர் அகலமா இருந்தா நல்ல பிடிப்புன்னு நாம நினைக்கிறோம். காஞ்ச ரோட்டுல சரி. தண்ணியில அகலம் கூடக் கூட, ஒதுக்க வேண்டிய தண்ணியும் கூடுது.

இன்னொண்ணு சூடு. டிராக் டயரோட ரப்பர் நல்லா சூடானாத்தான் ஒட்டும். ரெண்டு லேப் வெறித்தனமா ஓட்டினா அந்தச் சூடு வரும். மழை ஈரத்துல, சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற ரோட்டுல அது வரவே வராது. "ரெண்டே தடவைதான் ஓட்டினேன்"ங்கறதும் நம்பி வாங்குற காரணம் கிடையாது. டிராக்குல கொதிக்கக் கொதிக்கச் சூடாகி ஆறின ரப்பர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுகும். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும்.

தீர்ப்பு: வேண்டாம். டிராக் டே போகணும்னா தனி ரிம்ல மாட்டி, அன்னிக்கு மட்டும் போடுங்க.

ஆப்ஷன் ரெண்டு: மாட்டாத பழைய டயர்

இதுலதான் நிறைய பேர் விழுவாங்க. த்ரெட் முழுசா இருக்கு, மேல ஸ்டிக்கர் கூடக் கிழியல, அங்கீகாரம் பண்ண மாடல், பாதி விலை. வேற என்ன வேணும்?

நான் அவர்கிட்ட ஒரே ஒரு போட்டோ கேட்டேன். டயரோட பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கிற ஒரு நீள வரி இருக்கும். அதோட முடிவுல நாலு இலக்கம். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அவர் அனுப்பின போட்டோவுல 2419. அதாவது 2019ஆம் வருஷம், 24வது வாரம். அப்போ 2025 செப்டம்பர். ஆறு வயசு தாண்டின டயர்.

ரப்பர் ஓடினாத்தான் தேயும், ஆனா ஓடாமலேயே வயசாகும். காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்ல மெல்ல இறுக்கும், வெடிக்க வைக்கும். சூடு அதை வேகப்படுத்தும். நம்ம ஊர் மே மாசத்துல தகரக் கூரை போட்ட கோடவுன் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். போர்ஷே தன் வண்டிகளுக்கு 6 வருஷத்துக்கு மேல ஆன டயர் வேண்டாம்னு சொல்லுது. சாதாரண வண்டிகளுக்குக் கூட 10 வருஷம்தான் உச்ச வரம்புன்னு மிஷலின் மாதிரி டயர் கம்பெனிங்க சொல்றாங்க.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் டயர் விக்கிறதுக்குச் சொல்றது ப்ரோ"ன்னு அவர் சிரிச்சார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்னிக்குக் கலிஃபோர்னியாவுல இறந்தார். வண்டி 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி. ஓட்டினது அவரோட நண்பர். அவரும் இறந்துட்டார். அடுத்த வருஷம் மார்ச்ல வந்த விசாரணை முடிவு வேகத்தைத்தான் காரணமா சொல்லிச்சு. மணிக்கு 45 மைல் வரம்பு இருக்கிற ரோட்டுல 80லேருந்து 93 மைல் வேகம். அதோட இன்னொரு தகவலும் சொன்னாங்க. டயருங்க ஒன்பது வருஷப் பழசு, வண்டியோட கையாளும் தன்மையை அது பாதிச்சிருக்கலாம்னு. அந்த மாதிரி வண்டிங்க அதிகம் ஓடாது, கராஜ்லயே நிக்கும். கிலோமீட்டர் ஏறாததால டயரும் புதுசு மாதிரியே தெரியும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இருக்கிற தனி ஆபத்து அது. த்ரெட் தேயறதுக்கு முன்னாடியே டயருக்கு வயசாயிடும்.

அந்தக் கடைக்காரர் ஏமாத்துறார்னு நான் சொல்லல. அவர்கிட்ட அந்த ஸ்டாக் ஏன் தேங்கியிருக்குங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு.

டயர் ஊர்ல டயர் பஞ்சம்

யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். சென்னை டயர் ஊர். எம்ஆர்எஃப் 1946ல திருவொற்றியூர்ல பலூன் செய்யற கொட்டகையா ஆரம்பிச்சு, 1961ல டயர் தயாரிக்க வந்த கம்பெனி. அரக்கோணத்துலயும் அவங்க ஃபாக்டரி இருக்கு. ஒரகடத்துல அப்பல்லோ. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜேகே, சியட். கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையில மிஷலினே லாரி, பஸ் டயருக்காக ஃபாக்டரி போட்டது. கள்ளிக்குப்பத்துலேருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு டயர் ஃபாக்டரி வரும்.

ஆனா 265/40, 19 இன்ச் மாதிரி சைஸுக்கு இங்க எத்தனை வண்டி இருக்கு? ஃபாக்டரிக்கு அச்சு போட்டுக் கட்டுப்படியாகாது. அதனால இறக்குமதிதான். 2020 ஜூன்ல மத்திய அரசு புது டயர் இறக்குமதியை "தாராளம்"ங்கற பட்டியல்லேருந்து "கட்டுப்பாடு" பட்டியலுக்கு மாத்திச்சு. லைசென்ஸ் இல்லாம கொண்டுவர முடியாது. உள்ளூர் உற்பத்தியைப் பெருக்கணும்ங்கற நோக்கம். மாருதி ஓட்டுறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த மாதிரி சைஸ் தேடுறவங்களுக்கு மட்டும் காத்திருப்பு, விலை, பழைய ஸ்டாக்.

பஞ்சம் வந்தா குறுக்கு வழியும் வரும். அதனால ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல விக்கிற கார் டயர் எதுவா இருந்தாலும், வெளிநாட்டுல செஞ்சதா இருந்தாலும், ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாகணும். 2009ல வந்த தரக் கட்டுப்பாட்டு ஆணை அது. "பார்ட்டி வெளியிலேருந்து கொண்டாந்தது சார், செம டயர்"னு யாராவது முத்திரை இல்லாத டயரைக் காட்டினா, பில்லும் இருக்காது, வாரண்டியும் இருக்காது. நடையைக் கட்டுங்க.

ஆப்ஷன் மூணு: முத்திரை இல்லாத புது டயர்

மூணுல இதுதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய ஆப்ஷன். மொதல்ல டயர்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிப்போம். அவரோட பின் டயர்: 265/40 இசட்ஆர் 19, 98 ஒய்.

265 அகலம், மில்லிமீட்டர்ல. 40ங்கறது பக்கவாட்டு உயரம், அகலத்துல 40 சதவீதம். அதாவது 106 மில்லிமீட்டர். ஒரு உள்ளங்கை அகலத்தை விடக் கொஞ்சம் அதிகம். மழை முடிஞ்ச அப்புறம் நம்ம ஏரியா ரோட்டுல இருக்கிற பள்ளத்துக்கும் அவரோட விலை உயர்ந்த ரிம்முக்கும் நடுவுல இருக்கிறது அவ்வளவுதான். சொகுசா இருக்கட்டும்னு காத்தைக் குறைச்சு ஓட்டினா, பள்ளத்துல விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல டயர் நசுங்கி, பக்கவாட்டுல கொப்பளம் மாதிரி வீங்கும். வீங்கின டயரைச் சரி பண்ண முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

98ங்கறது எடை தாங்கும் குறியீடு. 750 கிலோ. இதுக்குக் கீழ இறங்கவே கூடாது. ஒய்ங்கறது வேகக் குறியீடு. 300 கிலோமீட்டர். "நான் எங்க ப்ரோ 300ல போகப்போறேன், டபிள்யூ போட்டா போதாதா"ன்னு கேட்டார். டபிள்யூன்னா 270. அவுட்டர் ரிங் ரோட்டுல ரெண்டுமே தேவையில்லைதான். ஆனா அந்த எழுத்து, வேகத்தோட டயர் எவ்வளவு சூட்டையும் பாரத்தையும் தாங்கும்னும் சொல்லுது. வண்டியை வடிவமைச்சவங்க அந்த அளவை வெச்சுத்தான் மத்ததையெல்லாம் கணக்குப் போட்டிருக்காங்க. குறைச்சுப் போட்டா, நாளைக்கு ஒரு இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரும்போது தேவையில்லாத கேள்வி வேற வரும்.

அதே சமயம், ஒய்னு இருந்தா மழையில நல்ல டயர்னு அர்த்தம் இல்ல. வேகச் சோதனையை லேப்ல ஒரு பெரிய உருளை மேல ஓட்டிப் பண்றாங்க. ஈரத்துல எப்படி நிக்கும்ங்கறதை அந்த எழுத்து சொல்லாது. அதுக்கு வேற இடம் பாக்கணும். இந்தியாவுல 2022ல வந்த விதிப்படி டயருங்க ஈரப்பிடிப்புல ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டணும். ஆனா அது பாஸ் மார்க் மாதிரி. 35 எடுத்தவனும் பாஸ், 95 எடுத்தவனும் பாஸ். ஐரோப்பாவுல அதே மாடலுக்கு ஈரப்பிடிப்புல ஏலேருந்து இ வரைக்கும் ரேங்க் கொடுத்து லேபிள் ஒட்டணும். அதனால நீங்க பாக்குற மாடல், அதே சைஸுக்கு, ஐரோப்பிய லேபிள்ல என்ன ரேங்க்னு நெட்ல தேடுங்க. நம்ம ரோட்டுக்கு ஏ தேடுங்க. ட்ரெட்வேர்னு ஒரு எண்ணும் பக்கவாட்டுல இருக்கும். எண் கூடினா மெதுவா தேயும். ஆனா அந்த எண்ணைக் கம்பெனியே போட்டுக்குது. அதை வெச்சு ஒரு பிராண்டை இன்னொரு பிராண்டோட ஒப்பிடாதீங்க.

இப்போ முத்திரை விஷயம். போர்ஷே அங்கீகாரம் பண்ண டயர்ல என்0, என்1னு ஒரு குறி இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. வெறும் ஸ்டிக்கர் வித்தைன்னு சிலர் சொல்வாங்க. அப்படி இல்ல. ஒரே பேர், ஒரே டிசைன்ல வர்ற டயர்லயே, முத்திரை உள்ளதும் இல்லாததும் ரப்பர் கலவையிலயோ உள் கட்டமைப்புலயோ வித்தியாசப்படலாம். அந்த வண்டிக்கு ஏத்த மாதிரி மாத்திச் செஞ்சது அது.

அப்போ முத்திரை இல்லாத நல்ல டயர் ஆபத்தா? நாலும் ஒரே மாடலா, சரியான சைஸ், எடைக் குறியீடு, வேகக் குறியீடோட புதுசா போட்டா, என் பார்வையில தாராளமா ஓட்டலாம். சிக்கல் எங்கன்னா, நண்பர்கிட்ட ரெண்டு டயருக்குத்தான் பட்ஜெட். முன்னாடி முத்திரை உள்ள ஒரு மாடல், பின்னாடி முத்திரை இல்லாத வேறொரு மாடல்னு ஆகும். காஞ்ச ரோட்டுல மெதுவா போனா ஒண்ணும் தெரியாது. ஈர வளைவுல, அவசரமா ஸ்டியரிங் திருப்பும்போது, முன்னாடி ஒரு மாதிரியும் பின்னாடி ஒரு மாதிரியும் பிடிக்கும். இன்ஜின் நடுவுல இருக்கிற வண்டி சுழல ஆரம்பிச்சா சட்டுன்னு சுழலும். அந்த நேரத்துல டயர் என்ன பண்ணப்போகுதுன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியணும். கலந்து போட்டா அது தெரியாது.

அப்போ என்னதான் பண்றது?

அவர்கிட்ட சொன்ன பதில் இதுதான். முன் டயர் 2021ல செஞ்சது, த்ரெட் 5 மில்லிமீட்டர் இருக்கு. இன்னும் ஒரு சீசனுக்குத் தாங்கும். அதனால அதே மாடல், அதே முத்திரை, புதுத் தேதி உள்ள ரெண்டு பின் டயருக்கு ஆர்டர் போடுங்க. ரெண்டு மாசம் ஆகட்டும். காத்திருக்க முடியாதுன்னா, பணம் சேர்த்து நாலையும் ஒரே மாடலா மாத்துங்க.

அதுவரைக்கும்? வண்டி கவருக்குள்ள நிக்கட்டும்.

அவருக்கு இது பிடிக்கல. "மழையில அந்த ரோட்டுல போறதுதான் ப்ரோ ஃபீலே"ன்னார். நான் அவரை ஒரு வேலை பண்ணச் சொன்னேன். வண்டியை மேல தூக்கி, பின் டயரோட உள்பக்க ஓரத்தைப் பாக்கச் சொன்னேன். ஸ்போர்ட்ஸ் கார்ல சக்கரம் மேல்பக்கம் லேசா உள்ளே சாய்ஞ்சிருக்கும். வளைவுல பிடிப்பு கிடைக்க அந்த ஏற்பாடு. அதனால உள் ஓரம் சீக்கிரம் தேயும். நின்னு பாத்தா தெரியாது, குனிஞ்சு பாத்தாலும் முழுசா தெரியாது. வெளி ஓரத்துல 3 மில்லிமீட்டர் இருந்த அவர் டயர், உள் ஓரத்துல வழவழன்னு மொட்டையா இருந்துச்சு. சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டராவது இருக்கணும். அந்த டயரோட நொடிக்கு ஒரு கேன் தண்ணியைத் தள்ளணும், பக்கத்து சீட்டுல தங்கச்சி உக்காந்திருக்கா. அந்த போட்டோவை அனுப்பிட்டு அவர் வேற எதுவும் எழுதல. மறுநாள் ஆர்டர் போட்ட ரசீதை அனுப்பினார்.

புது டயர் வந்த அப்புறம் மூணு விஷயம். ஒண்ணு, மாட்டுறதுக்கு முன்னாடி தேதிக் குறியைக் கடையிலயே பாருங்க, பில்லுல எழுதச் சொல்லுங்க. ரெண்டு, வீல் அலைன்மென்ட் பண்ணாம வெளிய எடுக்காதீங்க. இல்லன்னா அதே உள் ஓரம் மறுபடியும் தேயும். மூணு, முதல் 200 கிலோமீட்டர் சாதுவா ஓட்டுங்க. அச்சுலேருந்து எடுக்கப் பூசின வழுக்கல் டயர் மேல இருக்கும். அது தேஞ்சாத்தான் முழுப் பிடிப்பு வரும்.

உங்க வண்டிக்கு

போர்ஷே இல்லாதவங்க இவ்வளவு நேரம் கேட்டதுக்கு நன்றி. இந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

கீழ குனிஞ்சு அந்த நாலு இலக்கத்தைப் பாருங்க. அப்பா வாங்கி வெச்சு, வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு மட்டும் போற கார் இருந்தா, அதை மொதல்ல பாருங்க. கிலோமீட்டர் ஏறாத வண்டியிலதான் வயசான டயர் ஒளிஞ்சிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்க.

த்ரெட் பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டு அளவுக்கு வந்துடுச்சுன்னா டயர் முடிஞ்சுது. நம்ம மழைக்கு 3 மில்லிமீட்டர் வந்ததுமே மாத்துற பழக்கம் நல்லது. டூ-வீலருக்குச் சட்டத்துல 0.8 மில்லிமீட்டர் வரைக்கும் இடம் இருக்கு. அதுக்காக அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரெண்டே சக்கரம், விழுந்தா நேரா ரோடு.

காத்தை வண்டி ஆறியிருக்கும்போது, காலையில பிடிங்க. ஓடிச் சூடான டயர்ல அளவு கூடுதலா காட்டும். அதைப் பாத்துக் குறைச்சிடாதீங்க. பஞ்சர் த்ரெட் பகுதியில இருந்தா ஒட்டலாம். பக்கவாட்டுல இருந்தா எந்த அண்ணன் "ஒண்ணும் ஆகாது தம்பி"ன்னு சொன்னாலும் ஒட்டாதீங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க டயர்ல இருந்த நாலு இலக்கத்தை கமென்ட்ல போடுங்க. யார் வீட்டு டயருக்கு வயசு அதிகம்னு பாப்போம். அடுத்த வாரம் பிரேக் ஆயில் பத்திப் பேசலாம். யாருமே மாத்தாத ஒரு விஷயம் அது. பத்திரமா ஓட்டுங்க. வணக்கம்!